பழைய காருக்கு நல்ல பாட்டுச் செட்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதற்கிடையில் நம்மூரில் பலர் கையிலிருந்த சன்னியையும் கொரோலாவையும் லான்சரையும் மாருதியையும் விற்காமல் திருத்தித் திருத்தி ஓடினார்கள். எஞ்சின், பெயின்ற், சீற் எல்லாம் சரியான பிறகு எஞ்சி நிற்பது பாட்டுச் செட். வாகன வயரிங்கும் ஒலி வேலையும் செய்கிறவன் என்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது? முதலில் பெரிய ஸ்கிரீன் வாங்கிப் பூட்டலாமா?

வேண்டாம். பெரும்பாலானவர்கள் ஸ்கிரீன், பிறகு பேஸ் பெட்டி, காசு மிஞ்சினால் ஸ்பீக்கர் என்று போகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். கதவு, வயர், ஸ்பீக்கர், அதற்குப் பிறகு செட் (டாஷ்போர்ட்டில் பூட்டும் பெட்டி), தேவையென்றால் அம்ப் (ஒலியைப் பெருக்கும் தனிப் பெட்டி), கடைசியில் பேஸ். இந்த ஒன்றைக் கேட்டு நடந்தால் பாதிக் காசில் இரண்டு மடங்கு நல்ல ஒலி கிடைக்கும்.

காரணம் கதவைத் திறந்தால் தெரியும். இருபது, முப்பது வயதான கார் ஒன்றின் கதவுப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு ஈரம் குடித்து அலை அலையாக நெளிந்திருக்கும். கூம்பைச் சுற்றியிருக்கும் ஸ்பொஞ்ச் வளையம் விரலால் தொட்டதும் கறுப்புத் தூளாகக் கையில் ஒட்டும். பின்னால் இருக்கும் பொலித்தீன் மறைப்பை யாரோ கண்ணாடி மோட்டார் திருத்தப் போய்க் கிழித்து, அப்படியே விட்டிருப்பார்கள். இப்படியொரு ஸ்பீக்கருக்கு எவ்வளவு விலையான செட்டைக் கொடுத்தாலும் அதே கரகரப்புத்தான் வெளியே வரும்.

கதவுக்குள் அப்படி என்ன வேலை?

ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது, பின்பக்கக் காற்று விரிகிறது. இந்த இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். முதலில் அழிந்து போவது பேஸ். கதவின் உட்தகட்டில் கையை நுழைக்குமளவு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. அவை திறந்திருக்கும்வரை தபேலாவின் டக்காவும் பேஸ் கிற்றாரும் காருக்குள் வந்து சேரவே சேராது. வீட்டில் ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் வைப்பதும் இதற்குத்தான். காரில் கதவுதான் பெட்டி.

செய்யவேண்டியது இதுதான். கதவுத் தகட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடையுங்கள். வெளித்தகட்டின் உட்புறத்தில், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால், அலுமினியத்தாள் ஒட்டிய பியூட்டைல் றபர் ஷீற் துண்டு ஒன்றை ஒட்டி உருளையால் அழுத்துங்கள். தகடு முழுவதையும் மூடத் தேவையில்லை, கால்வாசி போதும். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். முன்பு தகரம்போல் அதிர்ந்த கதவு "டப்" என்று அடங்கி ஒலிக்கும். அப்புறம் உட்தகட்டின் பெரிய ஓட்டைகளை மூடுங்கள். கண்ணாடி, பூட்டுக் கம்பிகள் தடையில்லாமல் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே மூடவேண்டும்.

இரண்டு விடயத்தில் கவனம். கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார் ஷீற்றை விலை குறைவு என்று கதவுக்குள் ஒட்டாதீர்கள். கச்சான் காற்றுக் காலத்து மத்தியானத்தில் வெயிலில் நிற்கும் காருக்குள் அது இளகி, கதவின் அடியில் வழிந்து, மாதக்கணக்கில் மணக்கும். அடுத்தது, கதவின் கீழ் விளிம்பில் சின்னச் சின்ன நீர்த்துளைகள் இருக்கும். அவற்றை ஒருபோதும் அடைக்கக்கூடாது. ஏற்கெனவே மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். மாரி மழையில் கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேற அதுதான் வழி. அடைத்தால் கதவு உள்ளிருந்து கறல் பிடிக்கும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் 300 வாட்ஸைப் பார்க்காதீர்கள். சின்ன எழுத்தில் ஆர்எம்எஸ் என்று ஓர் எண் இருக்கும், அதுதான் ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் அளவு. அதைவிட முக்கியம் சென்சிற்றிவிற்றி, அதாவது கொடுக்கும் சக்திக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பது, டெசிபெல் கணக்கில் வரும். 87 டெசிபெல் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 40 வாட்ஸ் கொடுத்தால் வரும் சத்தம், 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் கொடுத்தாலே வந்துவிடும். மூன்று டெசிபெல் கூடினால் தேவைப்படும் சக்தி பாதி. அம்ப் இல்லாமல் செட்டிலேயே ஓட்டப்போகிறவர்கள் 90க்கு மேற்பட்டதைத் தேடுவது நல்லது.

நம்மூர்க் காற்றுக்குக் கடதாசிக் கூம்பு சரிவராது. பொலிப்புரொப்பிலீன் கூம்பும் றபர் வளையமும் உள்ளதை எடுங்கள். அளவைப் பொறுத்தவரை பல ஜப்பான் கார்களின் முன்கதவில் ஆறரை இஞ்சி ஸ்பீக்கர் இருக்கும், பழைய சின்னக் கார்கள் சிலவற்றில் டாஷ்போர்ட்டில் நாலு இஞ்சிதான் இருக்கும். வாங்கப் போகும்முன் பழையதைக் கழற்றி அளந்துவிடுங்கள். ஆழத்தையும் அளக்கவேண்டும். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். போதாவிட்டால் நடுவே வளையம் போடலாம். சாதாரண அமுக்குப் பலகையில் வெட்டிய வளையம் ஒரு மழைக்காலத்தில் உப்பிவிடும். பிளாஸ்ரிக் வளையம் அல்லது வார்னிஷ் நன்றாக ஊறிய மரைன் பிளைவூட் போடுங்கள்.

பின்பக்கத்துக்கு 6×9 இஞ்சி ஸ்பீக்கர் அவசியமா என்று கேட்பார்கள். முன்னால் இருக்கும் இரண்டும் நல்லதாக இருந்தால் பின்னால் எதுவும் போடாமலே சந்தோஷமாகப் பாட்டுக் கேட்கலாம். பாட்டு முன்னாலிருந்து வருவதுதான் இயற்கை.

செட்டின் முகத்தில் "50×4" என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 200 வாட்ஸ் வருமா?

வராது. காரில் கிடைப்பது 14.4 வோல்ட். அதை அப்படியே வர்க்கித்து ஸ்பீக்கரின் தடையான 4 ஓமால் வகுத்தால் 52 வாட்ஸ் வரும். அந்த 50 பிறப்பது அங்கேதான். சத்தம் முழுக்க உடைந்து சதுர அலையாகும்போதுள்ள கணக்கு அது. உடையாத, சுத்தமான அலைக்குக் கணக்குப்படியே 26 வாட்ஸைத் தாண்ட முடியாது. நடைமுறையில் ஒரு ஸ்பீக்கருக்குப் 18, 20 வாட்ஸ் வரும். சின்னக் காருக்கு அது குறைவில்லை. அதற்கு மேல் திருகினால் உடைந்த அலைதான் போகும், முதலில் கருகுவது மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர். வொலியூமை முக்கால்வாசியோடு நிறுத்தப் பழகுங்கள்.

பழைய ஸ்பீக்கர் வயரையே பாவிக்கலாமா?

80களில் வந்த கார்கள் சிலவற்றில் ஸ்பீக்கர்களின் எதிர் முனைகளை ஒன்றாகச் சேர்த்து பொடிக்கு, அதாவது காரின் தகட்டு உடம்புக்கு, இறக்கியிருப்பார்கள். அந்தக் காலத்துச் செட்டுக்கு அது சரி. இன்றைய செட் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் இரண்டு முனையிலிருந்தும் ஓட்டுகிறது. அந்த வயர்களில் ஒன்று பொடியில் பட்டாலே செட்டுக்குள் இருக்கும் ஐசி சூடேறிப் போய்விடும். ஆகவே மீற்றரை வைத்து ஸ்பீக்கர் வயர் எதுவும் பொடியோடு தொடர்பில் இல்லை என்பதை உறுதிப்படுத்தாமல் புதுச் செட்டைக் கொழுவக்கூடாது.

இன்னொன்று உப்பு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் நின்ற கார்களின் வயரை ஒரு முனையில் சீவிப் பாருங்கள். செம்பு மின்னாது. இழைகள் கறுத்து, இடையிடையே பச்சைப் பொடி பூத்திருக்கும். ஈயம் பற்றாமல் உருண்டு விழும். மேலும் மேலும் வெட்டிப் போனாலும் கறுப்புத்தான் என்றால் யோசிக்காமல் புது வயர் இழுங்கள். நான்கு கதவுக்கும் இழுப்பது அரை நாள் வேலைதான்.

நிறங்கள் பெரும்பாலான புதுச் செட்டுகளில் ஒரே மாதிரி. மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வரும் 12 வோல்ட், கறுப்பு பொடி. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு போட்டது எதிர்முனை. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்தால் கார் நிற்கும் நேரமெல்லாம் செட் மின்சாரம் உறிஞ்சி, நாலு நாள் வெளியூர் போய் வந்தால் ஸ்ரார்ட் எடுக்காது.

ஜப்பானிலிருந்து வந்த ஒறிஜினல் செட்டில் நம் எஃப்எம் சேவைகள் அரைவாசி பிடிக்கவில்லை. பழுதா?

பழுதில்லை. ஜப்பானில் எஃப்எம் 76 இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும்தான் இருந்தது, பிற்காலத்தில்தான் 95 வரை நீட்டினார்கள். நம் நாட்டில் அது 108 வரை போகிறது. எனவே சக்தி, சூரியன், வசந்தம் என்று நாம் கேட்கும் சேவைகளில் பல அந்தச் செட்டின் கண்ணுக்கே தெரியாத உயரத்தில் இருக்கின்றன.

ஏரியல் வயருக்கும் செட்டுக்கும் நடுவே பூட்டும் பாண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டி அவற்றைக் கீழே இறக்கித் தரும். செட் காட்டும் எண் உண்மையான எண்ணாக இருக்காது. சத்தமும் கொஞ்சம் இரையும். தற்காலிகத்துக்குச் சரி, ஆனால் செட்டை மாற்றுவதுதான் நிரந்தர வழி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த ஜப்பான் செட் வாங்குகிறவர்கள் இதை வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பான் நவிகேஷன் செட் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில வகைகள் பற்றரியைக் கழற்றிப் பூட்டியதும் பூட்டுப் போட்டுக்கொண்டு, ஜப்பான் மொழியில் இரகசிய எண் கேட்கும். வேறு சில அதன் மெமரி கார்ட் இல்லாமல் எழும்பாது. பற்றரி மாற்றுவதானால் இன்னொரு 12 வோல்ட் பற்றரியை முதலில் சமாந்தரமாகக் கொடுத்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய முனைகள் பொடியில் தொடாமல் துணி சுற்றி வைக்கவேண்டும்.

புதுச் செட் பூட்டிய பிறகு எஃப்எம் முன்பைவிட மோசம். ஏன்?

ஏரியல் கண்ணாடியில் கோடாக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அப்படிப்பட்ட கார்களில் கண்ணாடிக்குப் பக்கத்தில் பூஸ்டர் ஒன்று இருக்கும், அதற்கு 12 வோல்ட் வேண்டும். செட்டின் நீல வயரை அதற்குக் கொடுக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். இழுத்து நீட்டும் கம்பி ஏரியல் என்றால் அதன் அடிப்பகுதி பொடியோடு தொடும் இடத்தில் கறல் பிடித்திருக்கும், சுரண்டி இறுக்கினால் திரும்பும். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுக்குள் போகும்போது மங்கினால் அது செட்டின் குற்றமில்லை. அதே சேவை அந்தப் பக்கத்தில் வேறு எண்ணில் வரும், தேடிப் பாருங்கள்.

கசட் செட்டை மாற்ற மனமில்லை. போனிலிருந்து பாட்டுப் போட வழி?

மனமில்லாவிட்டால் மாற்றவேண்டாம். கசட் வடிவத்தில் வரும் அடப்டரை உள்ளே போட்டு, அதன் வயரைப் போனிலோ ஒரு புளூடூத் ரிசீவரிலோ கொழுவலாம். சிகரெட் லைற்றர் துளையில் குத்தும் எஃப்எம் ட்ரான்ஸ்மிற்றரைவிட இது சுத்தமாக ஒலிக்கும். அதற்கு முன் கசட்டின் ஹெட்டை ஐசோப்புரோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். வருடக் கணக்கான பழுப்பு அதில் வரும். துடைத்ததும் அடைத்திருந்த மேல் ஸ்தாயி திறந்துகொள்ளும்.

அன்ட்ரொயிட் ஸ்கிரீன்?

இடம் இருந்தால், பின்பக்கக் கமெரா வேண்டுமென்றால், போடுங்கள். ஒற்றைச் செட்டின் அளவு 180×50 மில்லிமீற்றர், இரட்டை 180×100. டொயோட்டா, டைஹட்சு கார்களில் 200 மில்லிமீற்றர் அகலத் துளை இருப்பதால் பக்கத்துக்குப் பட்டி தேவைப்படும். ஒற்றைத் துளை மட்டும் உள்ள காரின் டாஷ்போர்ட்டை அரிந்து ஸ்கிரீன் திணிக்காதீர்கள். அந்தப் பிளாஸ்ரிக் இனி எங்கும் கிடைக்காது. ஒலித் தரத்தை மட்டும் பார்த்தால், அதே விலைக்கு ஸ்கிரீன் இல்லாத பெயர்பெற்ற கம்பனிச் செட் அநேகமாக வெல்லும்.

அம்ப் போட்டால் பழைய காரின் பற்றரி தாங்குமா?

கணக்குப் பார்ப்போம். ஓரளவு நல்ல, 50 வாட்ஸ் நான்கு சனலுள்ள கிளாஸ் டி அம்ப் முழுச் சக்தியில் ஏறத்தாழ 18 அம்பியர் இழுக்கும். பாட்டு எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லை, சராசரி அதில் மூன்றில் ஒன்றுகூட வராது. பழைய கார்களில் எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஓல்டனேற்றர் 50, 60 அம்பியர் அளவில் இருக்கும், ஆனால் ஐட்லிங்கில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. ஹெட்லைற் இரண்டுக்கும் 8, ஏசிக்கும் விசிறிகளுக்குமாக 20 வரை என்று வைத்தால், இரவில் ஏசி போட்டுச் சந்தியில் நிற்கும்போதே மிச்சம் ஒன்றுமில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றரி ஈடுகட்டும், கார் ஓடத் தொடங்கினால் ஓல்டனேற்றர் மறுபடி நிரப்பும். ஆகவே அந்த அளவு அம்ப்பை கார் தாங்கும். ஆயிரம் வாட்ஸ் என்று எழுதிய பெட்டி ஒன்றை உண்மையிலேயே அந்த அளவுக்கு ஓட்ட நினைத்தால் தாங்காது.

எதையும் வாங்கும்முன் மீற்றர் வைத்துப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற காரின் பற்றரி 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையிலும் இருக்கவேண்டும். லைற், ஏசி போட்டதும் 13க்குக் கீழே போனால் முதலில் ஓல்டனேற்றரைச் செய்வியுங்கள்.

வயர் விடயத்தில் ஒரே பிடிவாதம் எனக்கு. அம்ப்புக்கான தடித்த வயரில் பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் இருக்கவேண்டும். இல்லாத காரைக் கண்டால் நான் வேறு வேலை பார்க்கும்முன் அதைத்தான் பார்ப்பேன். தகட்டுத் துளையில் வயர் உராய்ந்து தோல் போனால், பியூஸ் இல்லாத கார் எரியும். துளைக்கு றபர் வளையமும் போடுங்கள். முழுச் செம்பு வயரே எடுங்கள். செம்பு பூசிய அலுமினிய வயர் விலை குறைவு, ஆனால் கடற்கரைக் காற்றில் அதன் முனை வெள்ளைப் பொடியாகிவிடும்.

எஞ்சினை முறுக்கும்போது ஸ்பீக்கரில் "ஙீ" என்று ஒரு சத்தம் ஏறி இறங்குகிறது.

ஓல்டனேற்றரின் சத்தம். பத்தில் எட்டு முறை பொடிக்கு இறக்கிய இடத்தில்தான் பிழை. பெயின்றின் மேல் ஸ்குரூ ஆணி அடித்திருப்பார்கள். வெறும் தகடு தெரியச் சுரண்டி, போல்ற் போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். செட்டிலிருந்து அம்ப்புக்கு ஒலி கொண்டுபோகும் ஆர்சிஏ வயர் ஒரு பக்கத்தாலும் பற்றரி வயர் மறுபக்கத்தாலும் போகவேண்டும். வடிகட்டி வாங்கிப் போடுவது இந்த இரண்டையும் செய்தும் நிற்காவிட்டால் மட்டும்.

பேஸ் எவ்வளவு தேவை?

கார் ஓடும்போது ரயர் இரைச்சலும் எஞ்சின் உறுமலும் பாட்டின் கீழ்ப் பகுதியைத்தான் விழுங்கும். நிற்கும்போது நிறைவாக இருந்த பாட்டு நிலாவெளி வீதியில் அறுபதில் போகும்போது மெலிந்து கேட்பது அதனால். அதை ஈடுசெய்யும் அளவுக்கு சீற்றுக்கு அடியில் வைக்கும், அம்ப்போடு சேர்ந்த தட்டைச் சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர்) ஒன்று போதும். டிக்கியை அடைக்காது, கோயிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் சாமான் வைக்கலாம். டிக்கியில் பெட்டி வைக்கத்தான் வேண்டுமென்றால் முழுக்க மூடிய பெட்டி வையுங்கள், தவிலும் மிருதங்கமும் அதில் தெளிவாக வரும். பெட்டியை பொடியோடு இறுக்கிக் கட்டுங்கள். விபத்தில் அது பறந்து வந்து பின் சீற்றில் இருக்கும் பிள்ளைகள் மேல் விழும்.

மொரிஸ் மைனருக்குப் புதுச் செட் போடலாமா?

போடலாம், பற்றரியைப் பார்த்துவிட்டு. பற்றரியின் நேர் முனை பொடிக்குப் போகிறதென்றால் அது பழைய முறை. இன்றைய செட்டின் உறை எதிர்முனை, அதைக் கொழுவியதும் பியூஸ் போகும் அல்லது செட்டே போகும். நம் நாட்டில் ஓடும் மைனர்களில் பல ஏற்கெனவே மாற்றப்பட்டவை. மாற்றாததென்றால் பற்றரியைத் திருப்பி, டைனமோவின் ஃபீல்டுக்கு மின்சாரம் தொட்டுத் துருவம் மாற்றி, கொயிலின் இரு வயரையும் இடம் மாற்றவேண்டும். தெரிந்தவர் கையில் ஒரு மணித்தியால வேலை.

டைனமோ தருவது 20 அம்பியர் சுற்றுத்தான், ஐட்லிங்கில் அதுவுமில்லை. ஆகவே பெரிய அம்ப் எண்ணம் வேண்டாம். புளூடூத் உள்ள சின்ன அம்ப் ஒன்றைச் சீற்றுக்கு அடியில் மறைத்து, ஸ்பீக்கர்களைத் தனிப் பலகையில் வைத்தால் காரில் ஒரு துளைகூடப் போடவேண்டியதில்லை. அந்தக் கார்களை வெட்டிப் பார்க்க எனக்கு மனம் வராது.

நானே பூட்டலாமா?

ஸ்பீக்கர் மாற்றுவதும் கதவு வேலையும் பொறுமையுள்ள யாருக்கும் முடியும். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள் (மேலே சொன்ன ஜப்பான் செட் இருந்தால் மட்டும் யோசித்து). 90களின் நடுவுக்குப் பிந்திய கார்களில் மஞ்சள் கொனெக்டர் கண்டால் கைவைக்கவேண்டாம், அது ஏயார் பாக். வயரை முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றி விடாதீர்கள், நம் வெயிலில் பசை உருகி ரேப் கழன்று நழுவும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள்.

ஸ்பீக்கரின் முனை அடையாளம் அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பென்சில் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பற்றரியின் நேர்முனை தொட்ட பக்கம்தான் ஸ்பீக்கரின் நேர்முனை. இடது வலது இரண்டும் ஒரே முறையில் கொழுவியிருக்கவேண்டும். மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும், பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் கலைந்து கேட்கும்.

எல்லாம் பூட்டியாயிற்று. எப்படிச் சரிசெய்வது?

பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் பூச்சியத்தில் வையுங்கள். லவுட்னஸை அணையுங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பழைய பாட்டை, போனில் தரவிறக்கிய நல்ல பிரதியாக, எஞ்சின் நிறுத்திய நிலையில் போடுங்கள். அம்ப் இருந்தால் அதன் கெயினை முழுக்கக் குறைத்துவிட்டு, செட்டின் வொலியூமை முக்கால்வாசிக்கு ஏற்றுங்கள். இப்போது கெயினை மெல்லக் கூட்டி, குரல் கரகரக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்துங்கள். கெயின் சத்தம் கூட்டும் திருகு இல்லை, செட்டையும் அம்ப்பையும் ஒத்துப்போகச் செய்யும் திருகு. சப்வூஃபர் இருந்தால் அது 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஒலிக்கும்படி வெட்டி, இருப்பதே தெரியாத அளவுக்குக் குறைத்து, அணைத்தால் மட்டும் ஏதோ குறைகிறது என்று படும் இடத்தில் விடுங்கள்.

அதன்பிறகு ஒரு ஓட்டம் போய், எதாவது கதவில் "கிறுகிறு" என்று அதிர்கிறதா கேளுங்கள். இருந்தால் கதவுப் பலகையின் கிளிப் உடைந்திருக்கும் அல்லது பூட்டுக் கம்பி தகட்டில் தட்டும், கிளிப்பை மாற்றிக் கம்பிக்கு ஸ்பொஞ்ச் சுற்றுங்கள். மாரி தொடங்குவதற்கு முன், ஒக்டோபரில், கதவு ஒன்றை மட்டும் திறந்து நீர்த்துளையையும் வயர் முனைகளையும் பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் மற்றக் கதவுகளைத் திறக்கத் தேவையில்லை.